பார்ப்பவர் கண் கலங்க வேண்டுமா? குறும்படத்துக்கு முதன்முறை பின்னணி இசை அமைப்பவர்களுக்கு

என் முதல் குறும்படத்துக்கு இசையமைத்து முடிக்க 3 மாதம் ஆனது. படம் 21 நிமிடம். அதில் 17 நிமிடத்துக்கு இசை போட்டிருந்தேன். காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு பட்டு நெசவாளர் கடனை அடைக்க வழியில்லாமல் தறியை விற்கிற கதை. தறியைப் பிரித்து மினி லாரியில் ஏற்றும் கடைசிக் காட்சிக்கு வயலினில் சோகத்துக்குப் பெயர்போன சுபபந்துவராளி ராகத்தை வைத்தேன். அடியில் கீபோர்டு ஸ்டிரிங்ஸ் நிரப்பி, உச்சத்தில் ஒரு பெண் குரலின் ஆலாபனையும் சேர்த்தேன்.

திரையிட்ட அன்று 40 பேர் வந்திருந்தார்கள். ஒருவர் கண்ணும் கலங்கவில்லை. வெளியே வரும்போது ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மியூசிக் ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அந்த நெசவாளரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே படத்தை 18 நிமிடமாக வெட்டி, மறுபடி முதலிலிருந்து இசையமைக்க வாய்ப்பு வந்தது. இந்த முறை மொத்த இசை 7 நிமிடம்தான். கடைசிக் காட்சியில் அரங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. இரண்டு முறைக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். சினிமாவில் பெரிய இசையமைப்பாளர்களுக்கு உதவியாளர் கூட்டம் இருக்கும். நீங்களும் ஒரு லேப்டாப்புமாக உட்கார்ந்திருந்தால் இது உங்களுக்கானது.

1. எழுத்தில் இல்லாமல் ஒரு நோட்டு கூட வாசிக்காதீர்கள்

உணர்ச்சியைப் பற்றிச் சொல்லப்போகிறவன் ஏன் காகிதத்தில் தொடங்குகிறான் என்று நினைக்கலாம். பணத்தைப் பற்றிய கவலை உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் காட்சி மனதுக்குள் இறங்காது. முதல்முறை நான் வாய்ப்பேச்சை நம்பி இறங்கினேன். எடிட் மாறிக்கொண்டே இருந்தது. பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது.

இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். அதில் இவை இருக்க வேண்டும்:

- படத்தின் பெயர், நீளம், ஏறக்குறைய எத்தனை நிமிட இசை
- மொத்தத் தொகை, அது எத்தனை தவணை. நான் கேட்பது: கையெழுத்தின்போது பாதி, டெமோ ஒப்புக்கொண்டதும் கால், கோப்புகளை ஒப்படைக்கும்போது மீதி கால்
- வாத்தியக்காரர், ஸ்டூடியோ, மிக்ஸிங் செலவு யாருடையது
- எத்தனை முறை இலவசமாகத் திருத்துவீர்கள். நான் 2 முறை என்று எழுதுகிறேன்
- ஒப்படைக்கும் தேதி. இதைக் காலண்டர் தேதியாக எழுதாமல், "பிக்சர் லாக் (எடிட் இறுதியான நிலை) ஆன நாளிலிருந்து இத்தனை நாள்" என்று எழுதுங்கள்
- டைட்டிலில் உங்கள் பெயர் எப்படி வரும்
- என்னென்ன உரிமை, எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு

கடைசி வரியை யாரும் கவனிப்பதில்லை. நம் பதிப்புரிமைச் சட்டத்தில், உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். இன்னொன்று: 2012 திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர மற்ற வழிகளில் உங்கள் இசை பயன்படும்போது வரும் ராயல்டியில் உங்களுக்குச் சம பங்கு உண்டு. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவே சட்டம் இடம் தரவில்லை. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றலாம். ஆகவே "எல்லா உரிமையும், எல்லா ராயல்டியும், எக்காலத்துக்கும்" என்று அச்சடித்த தாளை யாராவது நீட்டினால் பதறாதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள். அந்த வரியைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தோடு பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். தயாரிப்பது நிறுவனம் என்றால், தொகை சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டும்போது வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் இல்லாவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாகிவிடும்.

2. பிக்சர் லாக் வரும்வரை காத்திருங்கள்

எடிட் முடிந்து, இனி ஒரு ஃபிரேம் கூட மாறாது என்று இயக்குநரும் எடிட்டரும் சொல்லும் நிலைதான் பிக்சர் லாக். அதற்கு முன் மெட்டுகளை யோசிக்கலாம், கருவிகளைத் தேடலாம். படத்தோடு பொருத்தும் வேலையைத் தொடாதீர்கள். நான் முதல்முறை ரஃப் கட்டுக்கே, அதாவது முடிவாகாத எடிட்டுக்கே இசையமைத்தேன். அதன்பின் எடிட்டர் 4 விநாடியை எடுத்தார், இன்னொரு இடத்தில் 11 விநாடி சேர்த்தார். ஒவ்வொரு முறையும் பிட்டை வெட்டி ஒட்டியதில், மூச்சு விடவேண்டிய இடத்தில் மூச்சு இல்லாமல் போனது.

லாக் ஆன பிரதியை வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- திரையில் டைம்கோடு (மணி, நிமிடம், விநாடி, ஃபிரேம் எண்) ஓடும் பிரதி
- வசனம் மட்டும் தனி டிராக்காக
- படம் எந்த ஃபிரேம் ரேட்டில் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) இருக்கிறது என்று எழுத்தில். 24 என்று வாயால் சொல்லி 23.976-ல் எடுத்துத் தருவது அடிக்கடி நடக்கிறது. 20 நிமிடத்தில் இது 1.2 விநாடி விலகல். கதவு சாத்தி ஒரு விநாடி கழித்து இசை அதிர்ந்தால் காட்சியே கெட்டது
- டெம்ப் இசை இல்லாத பிரதி

இந்தக் கடைசிப் பொறியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எடிட்டர்கள் வேலை செய்யும்போது ஏதாவது ஒரு பிரபலமான இசையை ஒப்புக்குப் போட்டு வைத்திருப்பார்கள். இயக்குநர் அதை நூறு தடவை கேட்டிருப்பார். அவருடைய கண்ணீர் அந்த இசையோடு ஒட்டிப்போயிருக்கும். நீங்களும் ஒருமுறை கேட்டுவிட்டால் தப்பிக்க முடியாது, உங்கள் கை தானாக அதன் நகலைத்தான் வாசிக்கும். கேட்பதற்கு முன்பே, இசை இல்லாத பிரதியை மூன்று முறை பாருங்கள். அப்புறம் வேண்டுமானால் டெம்ப்பைக் கேட்டு, "இதில் உங்களுக்கு என்ன பிடித்திருக்கிறது? வேகமா, கருவியா, அமைதியா?" என்று இயக்குநரிடம் கேளுங்கள்.

3. ஸ்பாட்டிங் தாள்: யாருடைய உணர்ச்சி, எதிலிருந்து வருகிறது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்பாட்டிங் என்பது இயக்குநரோடு உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எங்கே இசை தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்று குறிப்பது. 20 நிமிடப் படத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். என் முதல் தாளில் "சோகம்", "டென்ஷன்", "ஹேப்பி" என்று எழுதி வைத்திருந்தேன். சோகம் என்று எழுதினால் கை நேராக சுபபந்துவராளிக்கோ முகாரிக்கோ போகும். அது நெசவாளரின் சோகமாக இருக்காது, பொதுவான ஒரு சோகமாகத்தான் இருக்கும்.

எனக்கு வழிகாட்டியது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அதாவது உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் பகுதி. பள்ளியில் மனப்பாடம் செய்த பகுதிதான்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. எட்டின் பெயர் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அடுத்த சூத்திரங்கள்தான் நமக்கு வேண்டியவை. ஒவ்வொரு மெய்ப்பாடும் எந்த நான்கு இடத்திலிருந்து பிறக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறது. அழுகைக்கு: "இளிவே இழவே அசைவே வறுமை". பிறர் இகழ்வதால் வரும் அழுகை ஒன்று. இழப்பதால் வருவது ஒன்று. முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலைக்கு வந்துவிட்டோமே என்ற தளர்ச்சியில் வருவது ஒன்று. இல்லாமையால் வருவது ஒன்று.

நான்குக்கும் ஒரே இசை போட முடியுமா? இழவில் ஓலம் இருக்கிறது. இளிவில் தொண்டை அடைத்துப் பேச்சே வராது. அசைவில் பழைய நாளின் நினைவு கூடவே ஓடும். வறுமையில் களைப்பு இருக்கும்.

தறி ஏற்றும் காட்சியை நான் இழவு என்று எடுத்துக்கொண்டு, சாவு வீட்டு இசை போட்டிருந்தேன். திரும்பப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அசைவு. அந்த மனிதர் ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவர், பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்குப் புடவை நெய்தவர். இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் காட்சியில் கேமரா அவர் மேல் இருந்தாலும், துயரத்தைச் சுமந்துகொண்டு நிற்பது அவர் மனைவி. லாரி போனபிறகு விளக்குமாற்றை எடுத்து வந்து காலியான தறிக்குழியைப் பெருக்குகிறார். பெருக்க அங்கே எதுவும் இல்லை.

ஆகவே உங்கள் தாளில் இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: தொடங்கும் டைம்கோடு, முடியும் டைம்கோடு, எந்த மெய்ப்பாடு, அது எதிலிருந்து பிறக்கிறது, யாருடையது, இசை இல்லாமல் காட்சி நிற்குமா. கடைசிக் கட்டத்தில் "நிற்கும்" என்று வந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். என் 17 நிமிடம் 7 நிமிடமானது அப்படித்தான். தாளின் நகலை இயக்குநருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "இங்கே இசை கேட்டேனே" என்ற பேச்சு வந்தால் காட்ட ஆதாரம் இருக்கும்.

4. தாமதமாக வாருங்கள், சீக்கிரம் வெளியேறுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, நடிகர் அழுவதற்கு முன்பே வயலின் அழத் தொடங்குவது. பார்ப்பவருக்கு அது ஒரு கட்டளை போல இருக்கும். "இப்போது அழு" என்றால் யாரும் அழ மாட்டார்கள். முகம் மாறட்டும். பார்ப்பவர் மனதில் ஏதோ அசையட்டும். அதற்குப் பிறகு, ஒன்றிரண்டு மூச்சு கழித்து இசை வந்தால், தன் நெஞ்சிலிருந்தே அது வந்ததாக அவருக்குத் தோன்றும்.

மௌனம் என்றால் ஒலியே இல்லாமல் இருப்பது அல்ல. அந்த இடத்தின் ஒலி இருக்க வேண்டும். தறி ஏற்றும் காட்சியில் கயிறு இழுபடும் சத்தம், மரச்சட்டம் லாரித் தளத்தில் உரசும் சத்தம், தூரத்தில் ஒரு பஸ் ஹார்ன். இவ்வளவையும் நான் ஸ்டிரிங்ஸால் மூடி வைத்திருந்தேன். இசையை எடுத்ததும் அந்த மரச்சத்தம் ஒன்றே வயிற்றைப் பிசைந்தது.

இயக்குநர் பயப்படுவார், "காலியா இருக்கே" என்பார். வாதாட வேண்டாம். இசையோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டையும் போட்டுக் காட்டுங்கள். இசை வேண்டுமா வேண்டாமா என்பதைப் பேசித் தீர்க்கவே முடியாது. ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். பெர்னார்ட் ஹெர்மன் வெறும் நரம்புக் கருவிகளை வைத்து எழுதியதைக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். கேட்காமல் முடிவெடுத்திருந்தால் அந்த அலறல் நமக்குக் கிடைத்திருக்காது.

5. முதலில் விதையுங்கள், கடைசியில் அறுங்கள்

கடைசிக் காட்சியில் கண்ணீர் வர வேண்டுமானால் அதற்கான வேலை முதல் மூன்று நிமிடத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பார்ப்பவர் மகிழ்ச்சியான நேரத்தில் கேட்ட ஒன்றை, இழந்த நேரத்தில் மறுபடி கேட்கிறார். அந்த இரண்டுக்கும் உள்ள தூரம்தான் தொண்டையை அடைக்கிறது.

எங்கள் படத்தின் தொடக்கத்தில் நெசவாளர் நெய்யும் காட்சி இருக்கிறது. மிதியும் அடியுமாகத் தறியின் சத்தத்தை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய 64. அதையே படம் முழுவதுக்கும் தாள வேகமாக வைத்தேன். நடுவில் அவர் நெய்த புடவை உடுத்தி ஒரு பெண் மணவறையில் உட்காரும் காட்சி. அங்கே தெருக்கோடியிலிருந்து கேட்பது போல நாதஸ்வரத்தில் நாலு சுரச் சொற்றொடர் ஒன்று. கடைசியில் மனைவி தறிக்குழியைப் பெருக்கும்போது அதே சொற்றொடர், அதே 64 வேகத்தில், ஒற்றை வயலினில், கீழ்ஸ்தாயியில், பாதி ஒலியில். தறியின் அடிச்சத்தம் இல்லை. அது விழ வேண்டிய இடங்கள் மட்டும் காலியாகக் கிடக்கும். யாரும் "தறிச்சத்தம் இல்லையே" என்று யோசித்து அழவில்லை. ஆனால் காது தேடியது.

உங்கள் படத்தில் தறி இருக்காது. தையல் மெஷின் இருக்கலாம், ரயில்வே கேட் மணி இருக்கலாம், ஒரு குழந்தையின் கொலுசு இருக்கலாம். படத்துக்குள்ளேயே இருக்கும் ஒலியைத் தேடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவரும் எந்த மெட்டும் அதற்கு ஈடாகாது.

6. வேகக் கணக்கு

இது வெறும் வகுத்தல் கணக்கு. 60 வேகம் என்றால் விநாடிக்கு ஒரு அடி. 64 என்றால் ஒரு அடி 0.9375 விநாடி. லாரியின் பின்கதவு சாத்தப்படுவது காட்சி தொடங்கி 37.5 விநாடியில். 37.5-ஐ 0.9375-ஆல் வகுத்தால் 40 அடி. நாலு அடிக்கு ஒரு பார் என்றால் சரியாக 10 பார். கதவு சாத்தும் இடம் தானாகத் தாளத்தில் விழுந்துவிட்டது. இப்படி அமையாவிட்டால் வேகத்தை ஒன்றிரண்டு கூட்டிக் குறைத்துப் பாருங்கள். 66, 63 என்று மாற்றினால் காதுக்கு வித்தியாசம் தெரியாது, படத்தில் நன்றாகவே தெரியும்.

எல்லா வெட்டிலும் அடி விழ வேண்டியதில்லை. ஒரு காட்சிக்கு ஒரே ஒரு இடம் பொருந்தினால் போதும். எல்லாமே பொருந்தினால் கார்ட்டூன் ஆகிவிடும்.

7. ராகம், கருவி, கட்டை

நீலாம்பரி என்றால் தூக்கம், முகாரி என்றால் அழுகை என்று பட்டியல் போட்டுப் படிக்காதீர்கள். வேகமும் கருவியும் மாறினால் ராகத்தின் முகமே மாறும். கிராமத்தில் தாலாட்டும் ஒப்பாரியும் பாடுவது பெரும்பாலும் ஒரே பாட்டிதான். இரண்டின் இழுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எந்த வாய், எந்த நேரம், யாருக்காக என்பதுதான் அதைத் தாலாட்டாகவோ ஒப்பாரியாகவோ ஆக்குகிறது.

கருவியை எடுப்பதற்கு முன் வசனத்தைப் பாருங்கள். பெண் பேசும் இடத்தில் வயலினை நடு ஸ்தாயியில் ஓட விட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மிக்ஸிங்கில் இசையைக் குறைப்பார்கள், கடைசியில் கொசு சத்தம் போலத்தான் கேட்கும். வசனத்தின் கீழே போங்கள், அல்லது வசனம் முடியும்வரை பொறுங்கள்.

இப்போது பணத்தை விழுங்கும் பொறி: கட்டை, அதாவது ஸ்ருதியின் அளவு. கீபோர்டில் எந்த ஸ்ருதியில் வேண்டுமானாலும் மெட்டுப் போடலாம். நாதஸ்வரம் அப்படி மாறாது. இன்று பெரும்பாலும் வாசிக்கப்படும் பாரி நாதஸ்வரம் 2 அல்லது 2½ கட்டை. நான் முதல்முறை 4 கட்டையில் மெட்டைப் போட்டு வைத்துவிட்டு வித்வானை வரவழைத்தேன். அவர் வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து, சீவாளியை வாயில் வைத்து நனைத்து, ஒரே ஒரு ஸட்ஜம் ஊதினார். பிறகு என் டிராக்கைக் கேட்டார். "தம்பி, நீங்க முன்னாடியே கேட்டிருக்கலாமே" என்றார். அன்றைய ஸ்டூடியோ வாடகை வீண். முதலில் வித்வானுக்குப் போன் செய்து அவருடைய வாத்தியம் எத்தனை கட்டை என்று கேளுங்கள். அதற்கேற்ப முழுப் படத்தையும் அமையுங்கள். புல்லாங்குழல்காரர் வெவ்வேறு கட்டைக்குக் குழல்கள் வைத்திருப்பார், ஆனாலும் சொல்லிவிட்டால்தான் சரியான குழலை எடுத்து வருவார்.

நொட்டேஷனையும் ஆளுக்கேற்ப தயார் செய்யுங்கள். சென்னை ஸ்டிரிங்ஸ் கலைஞர்களுக்கு ஸ்டாஃப் நொட்டேஷன். கர்நாடக சங்கீதக்காரர்களுக்குச் சுரம் எழுதிய தாள். நாதஸ்வரக் கலைஞருக்கு நீங்களே பாடிக் காட்டுவதுதான் நல்லது. பாடும்போது நீங்கள் எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்பதையும் அவர் வாங்கிக்கொள்வார்.

8. ரெக்கார்டிங் நாள்: செலவும் நேரமும்

இரண்டாவது முறை எனக்கு ஆன செலவு இது. உங்கள் ஊரிலும் உங்கள் காலத்திலும் மாறும், ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்.

- சாலிகிராமத்தில் சிறிய ஸ்டூடியோ, 6 மணி நேரம், மணிக்கு 1,200 ரூபாய்: 7,200
- நாதஸ்வரம்: 6,000
- வயலின்: 5,000
- மிக்ஸிங்: 8,000
- சாப்பாடு, ஆட்டோ: 1,800

மொத்தம் 28,000. எனக்குப் பேசிய தொகை 45,000. மீதி 17,000 ரூபாய் 24 நாள் உழைப்புக்கு. கட்டணம் பேசும்போது இந்தக் கழித்தலை முதலிலேயே செய்து பாருங்கள்.

24 நாளை இப்படிப் பிரித்தேன்: ஸ்பாட்டிங்கும் யோசனையும் 5 நாள், மெட்டும் டெமோவும் 9 நாள், திருத்தம் 4 நாள், ரெக்கார்டிங் 1 நாள், மிக்ஸிங் 2 நாள், காட்டிப் பார்த்து மாற்ற 3 நாள். இதற்குக் குறைவாகக் கேட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கலைஞர்களை ஒரே நேரத்துக்கு வரச் சொல்லாதீர்கள். நாதஸ்வரத்துக்குச் சீவாளி பதமாக 15 நிமிடமாவது விடுங்கள். சின்ன பூத்தில் மைக்கைக் கிட்டே வைத்தால் ஒலி பிளந்துபோகும், மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். பெரிய அறை கிடைத்தால் இன்னும் நல்லது. கலைஞருக்குப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தை மட்டும் காதில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் சுரம்தான் வரும். எங்கள் வயலின் கலைஞர் தறிக்குழியைப் பெருக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி வில்லைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் கழித்து வாசித்ததுதான் படத்தில் இருக்கிறது. இரண்டாவது டேக் எடுக்கவில்லை.

வேலை முடிந்ததும் அங்கேயே பணத்தைக் கொடுத்து, ரசீதும் சம்மதக் கடிதமும் வாங்குங்கள். "இந்தப் படத்தில் என் வாசிப்பைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்" என்று இரண்டு வரி, பெயர், தேதி, கையெழுத்து. கிராமத்துப் பாட்டியிடம் ஒப்பாரி பதிவு செய்தாலும் இதே மரியாதைதான், இதே பணம்தான். நாட்டுப்புறப் பாட்டு எல்லாருக்கும் பொது, ஆனால் அந்தக் குரல் அவருடையது.

லூப்களை (தயாராக விற்கும் இசைத் துண்டுகளை) விலைக்கு வாங்கிப் போட்டால் உரிமச் சான்றைப் பத்திரமாக வையுங்கள். அதே லூப்பை வேறொருவரும் போட்டிருப்பார், படத்தை யூடியூபில் ஏற்றியதும் தானாகவே உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். எனக்கு வந்தது, சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

9. கதை தெரியாத ஐந்து பேர்

மிக்ஸை முதலில் ஸ்டூடியோவிலும், பிறகு டிவியிலும், பிறகு போன் ஸ்பீக்கரிலும் கேளுங்கள். போனில் கீழ்ஸ்தாயி காணாமல் போகும். எங்கள் வயலினுக்கு அதனால்தான் மெல்லிய மேல் ஒலி ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தது.

அப்புறம் கதையே தெரியாத ஐந்து பேரை உட்கார வையுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் உட்கார்ந்து அவர்களைப் பாருங்கள். யார் எந்த நிமிடத்தில் அசைந்து உட்கார்ந்தார், யார் கை வாயருகே போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் "மியூசிக் எப்படி?" என்று கேட்கவே கூடாது. "அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் அந்த அம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டு போனால் இசை வேலை செய்திருக்கிறது.

10. ஒப்படைப்பும் பதிவும்

கோப்புகள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ். முழு மிக்ஸ் ஒன்று, ஸ்டெம்கள் (ஒவ்வொரு கருவி வகைக்கும் ஒரு டிராக்) தனித்தனியாக. எல்லாக் கோப்புகளும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். படத்தின் முதல் ஃபிரேமுக்குச் சரியாக 2 விநாடி முன்பு ஒரு பீப் வைத்தால் எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு பொருத்திவிடுவார். கூடவே க்யூ ஷீட்: எந்த பிட், எத்தனை விநாடி, யார் இசை, யார் வாசிப்பு. கடைசித் தவணை வந்தபின் ஸ்டெம்களைக் கொடுங்கள், அதுவரை முழு மிக்ஸ் போதும்.

பதிப்புரிமை இசையை உருவாக்கிய நிமிடமே உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்று கைகொடுக்கும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14-ஐ நிரப்ப வேண்டும். இசைப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஒலிப்பதிவுக்குத் தனியாக 2,000. நொட்டேஷனையும் பதிவையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியதும் டைரி எண் தருவார்கள். மறுப்பு ஏதும் வருகிறதா என்று பார்க்க 30 நாள் காத்திருப்பு, அதன்பிறகுதான் பரிசீலனை. சான்று கைக்கு வர மாதங்கள் ஆகும், டைரி எண்ணைத் தொலைக்காதீர்கள். ராயல்டி வசூலுக்கு ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகலாம். பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, உங்கள் படைப்புகளின் பட்டியல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பட்டியலை க்யூ ஷீட்டிலிருந்து அப்படியே எழுதிக்கொள்ளலாம்.